பாஸ்வேர்டு மாற்றியும் மெயில் வெளியே போகிறதா?
நாலாயிரம் பேருக்கு மைக்ரோசாஃப்ட் 365, எல்லாருக்கும் ஓடிபி போட்டாச்சு, ஆனாலும் கணக்குப் பிரிவில் ஒருவரின் மெயில் பறிபோனது, பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் மெயில்கள் வெளியே போகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். பாஸ்வேர்டு மட்டும் போதாதுங்க. முதலில் அவருடைய எல்லா செஷன்களையும் (ஏற்கெனவே லாகின் ஆகி நிற்கும் இணைப்புகளை) ரத்து செய்யுங்கள், அப்புறம் வரும் மெயிலைத் தானாகக் கையாளும் இன்பாக்ஸ் ரூல்களைப் பாருங்கள். பெயருக்கு வெறும் புள்ளி வைத்து ஒரு ஃபார்வர்டு ரூல் அங்கே உட்கார்ந்திருந்தாலும் இருக்கும். வெளி முகவரிக்குத் தானாக ஃபார்வர்டு செய்வது இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கும், உங்களிடம் போகிறது என்றால் வெளியே போகும் மெயிலைக் கட்டுப்படுத்தும் அவுட்பவுண்ட் ஸ்பேம் பாலிசியில் யாரோ திறந்துவிட்டிருக்கலாம். அவர் அனுமதி கொடுத்த வெளி ஆப்களையும் விடாதீர்கள், பாஸ்வேர்டு மாறினாலும் அந்த அனுமதி அப்படியே இருக்கும்.

சரி, ஓடிபி ஏன் காப்பாற்றவில்லை? போலி லாகின் பக்கம் நடுவில் நின்று, லாகின் ஆனதற்கு அடையாளமான குக்கியைத் திருடிவிட்டால் ஓடிபியால் பயனில்லை. பாஸ்வேர்டுக்குப் பதிலாக வரும் பாஸ்கீயும், கையில் வைத்திருக்கும் சிறு கருவியான ஃபைடோ2 சாவியும் உண்மையான தள முகவரியோடு கட்டப்பட்டவை, போலிப் பக்கத்தில் வேலை செய்யாது. இவற்றை ஒரே நாளில் எல்லார் தலையிலும் கட்டாதீர்கள். அட்மின்களும் பணம் கையாளுபவர்களும் முதலில். யார் எப்படி லாகின் ஆகலாம் என்று தீர்மானிக்கும் கண்டிஷனல் ஆக்சஸ் விதிகளை ஒரு வாரம் ரிப்போர்ட் ஒன்லியில் (யாரையும் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலையில்) ஓட விடுங்கள். இரண்டு அவசரக் கணக்குகளை அந்த விதிகளிலிருந்து விலக்கி, தனிச் சாவியோடு பூட்டி வையுங்கள். நான் அந்த அவசரக் கணக்குகள் இல்லாமல் ஒருமுறை என்னையே வெளியே பூட்டிக்கொண்டேன்.