நாய் ஒரே இடத்தை நக்கிக்கிட்டே இருக்கு, என்ன பண்றது?

கேள்வி: எங்க நாய்க்கு ஏழு வயசு. ஒரு மாசமா வலது முன்னங்கால்ல மணிக்கட்டு மேல நக்கிக்கிட்டே இருக்கான், அந்த இடத்துல முடி போயி தோல் செவந்து தடிச்சுப் போச்சு. பகல்ல தனியா இருக்கான், போரடிச்சுதான் நக்குறான்னு எல்லாரும் சொல்றாங்க. நாங்க அரிப்புக்குப் போடுற ஆயின்மென்ட்டைத் தடவலாமா?

பதில்: வேண்டாம்ங்க, தயவுசெஞ்சு தடவாதீங்க. தடவுன உடனே நக்கி முழுங்கிடுவான், ஜிங்க் ஆக்ஸைடு, ஸ்டீராய்டு இருக்குற க்ரீமெல்லாம் வயித்துக்குள்ள போனா ஆபத்து, டீ ட்ரீ ஆயிலும் நாய் பூனைக்கு விஷம்தான்.

போரடிச்சு நக்குற நாயும் உண்டு, ஆனா மத்த எல்லாத்தையும் பாத்துட்டு கடைசியாத்தான் அந்த முடிவுக்கு வரணும். எங்க நக்குதுன்னு பாத்தாலே பாதி விஷயம் புரிஞ்சிடும். நாலு பாதத்தையும் மாத்தி மாத்தி நக்குனா பெரும்பாலும் அலர்ஜி, வாலடியைக் கடிச்சுக் கடிச்சு நக்குனா தெள்ளுப்பூச்சியா இருக்கும், தரை சோபான்னு கண்டதையும் நக்குனா குமட்டல், வயித்துக் கோளாறு இருக்கலாம். உங்க நாய் ஒரு கால்ல ஒரே இடத்தைத்தானே நக்குறான், அதுவும் ஏழு வயசுல, அதனால முள்ளு ஏதும் குத்தியிருக்கா, மூட்டு வலி இருக்கான்னு டாக்டர்கிட்ட கண்டிப்பா பாக்கச் சொல்லுங்க, எக்ஸ்ரே எடுக்கணும்னாலும் தயங்காதீங்க. வலிக்குற இடத்தை நாய் சொல்றதுக்கு நக்குறதை விட்டா வேற என்ன வழி இருக்கு?

தோல் தடிச்சுப் போச்சுன்னு எழுதியிருக்கீங்க, இதை லிக் கிரானுலோமான்னு சொல்லுவாங்க. நக்க நக்கப் புண்ணாகும், புண்ணு அரிக்கும், அரிச்சா மறுபடி நக்குவான். கிருமி தோலுக்கடியில ஆழமாப் போயிருந்தா மேல் மருந்து பத்தாது, வாரக்கணக்குல மாத்திரை குடுக்க வேண்டி வரும், டாக்டர் சொல்ற நாள் வரைக்கும் பாதியில நிறுத்தாம குடுங்க. டாக்டர்கிட்ட போற வரைக்கும் கழுத்துல கூம்பு காலர் மாட்டி விடுங்க, சாப்பிட தண்ணி குடிக்க முடியுதான்னு மட்டும் பாத்துக்கோங்க. காலர் புண்ணைத்தான் காப்பாத்தும், காரணம் அப்படியேதான் இருக்கும். திட்டாதீங்க, பயந்துட்டா இன்னும் அதிகமா நக்குவான். வாக்கிங் கூட்டிட்டுப் போறது, தேடித் திங்குற மாதிரி சாப்பாட்டை ஒளிச்சு வைக்கிறது, இதெல்லாம் சிகிச்சையோட சேத்துப் பண்ணுங்க.

பூனை வச்சிருக்கவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடுறேன். அடிவயித்துல முடி போற அளவுக்கு நக்குச்சுன்னா மூத்திரப்பையில வலி இருக்கலாம், ஆண் பூனை முக்கியும் மூத்திரம் வரலைன்னா நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, உடனே தூக்கிட்டு ஓடுங்க. வலிக்குதேன்னு பாராசிட்டமால் மட்டும் குடுத்துடாதீங்க, பூனைக்கு அது உயிரையே எடுத்துடும்.