அஸ்பால்டீன் மேல் நோனைல்ஃபீனால் எவ்வளவு ஒட்டுகிறது? ஒவ்வொரு முறையும் வேறு எண் வருவது ஏன்?

கேள்வி இதுதான்: ஹெப்டேனில் கரைந்த நோனைல்ஃபீனாலை (ஒன்பது கார்பன் வால் கொண்ட ஃபீனால்) அஸ்பால்டீன் தூளோடு (கச்சா எண்ணெயில் ஹெப்டேனில் கரையாத கனமான கரும்பகுதி) குலுக்கி, மிச்சக் கரைசலை யுவியில் (புற ஊதா ஒளி உறிஞ்சலில்) அளந்தால், ஒரு நாள் கிராமுக்கு 5 மில்லிகிராம், மறுநாள் 60, சில சமயம் பூஜ்யத்துக்கும் கீழே. எது சரி?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. காய்ந்த அஸ்பால்டீன் தூளில் நுண்துளைகள் அதிகம் கிடையாது. நைட்ரஜன் வாயுவை ஒட்டவைத்து அளந்த பரப்பு கிராமுக்கு 5 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நோனைல்ஃபீனால் மூலக்கூறு உட்கார சுமார் 0.4 சதுர நானோமீட்டர் வேண்டும். ஒரே அடுக்காகப் பரப்பு முழுக்க நிரம்பினால் கிராமுக்கு 21 மைக்ரோமோல். மூலக்கூறு எடை 220, ஆக ஏறக்குறைய 4.6 மில்லிகிராம். உங்கள் 5 நம்பத்தக்கது. 60 வந்தால் அது மேற்பரப்பில் ஒட்டியது மட்டுமாக இருக்க முடியாது. பொருள் தூளுக்குள் இறங்கியிருக்கிறது, அல்லது அளவீடு தவறு.

ஒட்டுவது எப்படி? ஃபீனாலின் ஹைட்ராக்சில் முனை, அஸ்பால்டீனில் உள்ள பிரிடின் வகை நைட்ரஜன், கார்பனைல், சல்ஃபாக்சைடு ஆகியவற்றோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடுகிறது. ஒன்பது கார்பன் வால் ஹெப்டேன் பக்கம் நீட்டிக்கொள்கிறது. நோனைல்ஃபீனாலுக்குப் பதில் டோடெசைல்பென்சீன் சல்ஃபோனிக் அமிலம் என்ற வலுவான அமிலத்தைப் போட்டால் அமில-காரப் பிணைப்பு என்பதால் பிடி இன்னும் இறுகும். ஆனால் அஸ்பால்டீன் சிலிக்கா போல அசையாத சுவர் இல்லை. மூலக்கூறுகள் ஒன்றின்மேல் ஒன்று தளர்வாக அடுக்கியிருக்கின்றன. செறிவு கூடும்போது நோனைல்ஃபீனால் அந்த அடுக்குகளுக்குள் புகுந்து உப்ப வைக்கும். இன்னும் கூடினால் திடப்பொருளையே கரைக்கத் தொடங்கும். ஒட்டுவது, உள்ளே போவது, கரைப்பது மூன்றும் ஒரே குடுவையில் நடக்கின்றன. உங்கள் குழப்பத்தின் வேர் இதுதான்.

பூஜ்யத்துக்குக் கீழே வருவதற்குக் காரணமும் இங்கேதான். நோனைல்ஃபீனாலை 277 நானோமீட்டரில் அளக்கிறீர்கள். கரைந்து வரும் அஸ்பால்டீனும், கழுவாமல் விட்ட ரெசினும் (எண்ணெயின் பிசின் பகுதி) அதே இடத்தில் பலமாக ஒளியை உறிஞ்சும். மிச்சச் செறிவு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரிய, ஒட்டிய அளவு குறைந்து எதிர்மறைக்கே போய்விடும். அதே கரைசலை 400 நானோமீட்டரிலும் பாருங்கள். நோனைல்ஃபீனால் அங்கே எதையும் உறிஞ்சாது. அங்கே அளவு ஏறினால் கரைசலில் வேறு ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். வெறும் ஹெப்டேனில் தூளைக் குலுக்கி அந்த மதிப்பைக் கழித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது: நோனைல்ஃபீனால் இருக்கும்போது கரைந்து வருவது வெறும் ஹெப்டேனில் வருவதைவிட அதிகம். வாயு குரோமடோகிராஃபியில் நோனைல்ஃபீனால் உச்சத்தைத் தனியாக அளப்பதுதான் என் பரிந்துரை. தூளையும் வடித்து, காயவைத்து எடை பாருங்கள். எடை குறைந்திருந்தால் அந்தச் செறிவுக்கு மேல் கிடைத்த புள்ளிகளை லாங்மியர் கோட்டில் (ஒரே அடுக்காக ஒட்டுவதைக் காட்டும் வளைவு) சேர்க்காதீர்கள்.

அடுத்து, தூள் தயாரிப்பு. கச்சா எண்ணெய் ஒரு கிராமுக்கு 40 மில்லி ஹெப்டேன் ஊற்றி வீழ்படிவாக்கி, வடித்து, சாக்ஸ்லெட்டில் (கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஆவியாக்கிக் கழுவும் கண்ணாடிக் கருவி) ஹெப்டேன் நிறமற்று இறங்கும் வரை கழுவுங்கள். மணிக்கணக்கைப் பார்க்காதீர்கள், நிறத்தைப் பாருங்கள். பிறகு டொலுயீனில் கரைத்து வடித்தால் களிமண் துகள்கள் பிரியும். இங்கே ஒரு பொறி உண்டு. டொலுயீனை ஆவியாக்கி எடுத்தால் கண்ணாடி போல மின்னும் கருஞ்செதில்கள் கிடைக்கும். ஹெப்டேனில் மறுபடி வீழ்படிவாக்கிக் காயவைத்தால் மங்கலான தூள் கிடைக்கும். பொருள் ஒன்றுதான், பரப்பில் பெரிய வித்தியாசம். நாளுக்கு நாள் எண் மாறினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். எல்லாச் சோதனைக்கும் ஒரே தொகுதியைச் சலித்து, கலந்து, பிரித்து, நைட்ரஜன் அடைத்து இருட்டில் வையுங்கள்.

தூளின் அளவும் முக்கியம். லிட்டருக்கு 200 மில்லிகிராம் உள்ள கரைசல் 20 மில்லியில் இருப்பது 4 மில்லிகிராம். கிராமுக்கு 4.6 மில்லிகிராம் ஒட்டும் என்றால், அதில் 50 மில்லிகிராம் தூள் போட்டால் 0.23 மில்லிகிராம்தான் குறையும், அதாவது 6 சதவீதம்கூட இல்லை. அளவீட்டுப் பிழையிலேயே மறைந்துவிடும். 0.5 கிராம் போட்டால் 2.3 மில்லிகிராம், பாதிக்கு மேல் குறையும். செறிவு 20 முதல் 80 சதவீதத்துக்குள் குறையும்படி தூளைக் கணக்கிடுங்கள்.

வடிகட்ட நைலான் வேண்டவே வேண்டாம், அது ஃபீனாலைத் தானே பிடித்துக்கொள்ளும். டெஃப்லான் வடிகட்டி அல்லது சென்ட்ரிஃபியூஜ். மூடியின் உள்பக்கமும் டெஃப்லானாக இருக்கட்டும், ரப்பர் கூடாது. தூள் இல்லாத குடுவை ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள். ஹெப்டேனை மூலக்கூறு சல்லடையில் ஈரம் போக்கி எடுங்கள். தண்ணீர் அதே முனைவுள்ள இடங்களுக்குப் போட்டியிடும். நோனைல்ஃபீனால் புட்டியில் நேர்ச்சங்கிலியா, கிளைச்சங்கிலிக் கலவையா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்து ஒப்பிட முடியாது. கழிவை வடிகாலில் ஊற்றக் கூடாது, மீன்களின் ஹார்மோனைக் குலைக்கும் பொருள் அது.

கடைசியாக நேரம். 25 டிகிரியில் 1, 4, 12, 24, 48 மணி நேரத்தில் தனித்தனிக் குடுவைகளை எடுத்து அளவிடுங்கள். சீக்கிரம் சமநிலைக்கு வந்து நின்றால் பெரும்பாலும் மேற்பரப்பு வேலை. 48 மணியிலும் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஏறிக்கொண்டே இருந்தால் அது உள்ளே ஊடுருவுகிறது. அந்த எண்ணைப் பரப்புக்கவர்தல் (மேற்பரப்பில் மட்டும் ஒட்டியது) என்று எழுதாமல் மொத்த உள்ளெடுப்பு என்று எழுதுங்கள்.