முதல்ல கட்டுபடியாகுற டிகிரி, அப்புறம் புடிச்ச படிப்பு: சரி வருமா?

கேள்வி: மேடம், எனக்கு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகணும்னு ஆசை. ஆனா அந்த டிகிரி பீஸ் எங்க வீட்டுக்கு தாங்காது. காமர்ஸ் எடுத்தா கிட்டத்தட்ட முழுசும் ஸ்காலர்ஷிப்ல போயிடும். அத முடிச்சு, சம்பாதிச்சு, அப்புறம் சைக்காலஜிக்கு வரலாம்னு இருக்கேன். அப்பா சரிங்கறாரு. அக்கா, "ஒருதடவ அந்தப் பக்கம் போனா திரும்ப வரமாட்ட"ங்கறா. யார் சொல்றத கேக்கறது?

பதில்: நான் அப்பா பக்கம், ஆனா ஒரு கண்டிஷனோட. அக்கா உங்க மனசு மாறிடுமோன்னு பயப்படறாங்க, எனக்கு அந்த பயம் இல்ல. காமர்ஸ் டிகிரிய நீட்டினா சைக்காலஜி மாஸ்டர்ஸ்ல சேத்துப்பாங்களாங்கறதுதான் என் கவலை.

எம்பிஏவுக்கு பொதுவா எந்த டிகிரியும் ஓகே. அமெரிக்காவுல சட்டப் படிப்பும் அப்படித்தான், ஏதோ ஒரு டிகிரி முடிச்சிருந்தா போதும், அதுக்கு மேல 3 வருஷம். சைக்காலஜி இவ்ளோ தாராளம் கிடையாது. பிரிட்டன்ல வேற டிகிரி முடிச்சவங்களுக்குன்னே கன்வெர்ஷன் கோர்ஸ் இருக்கு, முழுநேரமா படிச்சா பெரும்பாலும் 1 வருஷம், ஆனா பிரிட்டிஷ் சைக்காலஜிகல் சொசைட்டி அங்கீகாரம் இருக்கான்னு பாக்காம பணத்த கட்டிட்டா பின்னாடி கிளினிக்கல் பக்கம் போறப்ப மாட்டிப்பீங்க. அமெரிக்காவுல நிறைய இடத்துல வேற மெயின் சப்ஜெக்ட் படிச்சவங்களயும் எடுப்பாங்க, அதுக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ், ரிசர்ச் மெத்தட்ஸ் மாதிரி பேப்பர் முடிச்சிருக்கணும்பாங்க. ஜெர்மனி அரசு யூனிவர்சிட்டிகள்ல பெரும்பாலும் ட்யூஷன் பீஸ் இல்லன்னு யாராவது ஆசை காட்டுவாங்க, அது உண்மைதான், ஆனா சைக்காலஜி மாஸ்டர்ஸுக்கு சைக்காலஜி பேச்சலர்ஸ்தான் கேப்பாங்க.

அதனால நீங்க கடைசில சேர நினைக்கற கோர்ஸ் ரெண்டு மூணோட தகுதி பகுதிய இப்பவே எடுத்து படிங்க. அதுல கேக்கற பேப்பர்கள காமர்ஸ் படிக்கறப்பவே எலக்டிவாவோ (விருப்பப் பாடம்) மைனராவோ (துணைப் பாடம்) எடுக்க முடியுமான்னு காலேஜ்ல கேளுங்க. முடியும்னா தாராளமா சேருங்க. முடியாதுன்னா காமர்ஸ விட்டுட்டு, அதே மாதிரி கம்மி பீஸ்ல சைக்காலஜிக்கு பக்கத்துல இருக்கற ஏதாவது (சோஷியாலஜி, பயாலஜி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ்) கிடைக்குதான்னு தேடுங்க.

இன்னொன்னு, ரெண்டாவதா திரும்ப ஒரு பேச்சலர்ஸ் படிச்சுக்கலாம்னு மட்டும் கணக்கு போடாதீங்க. இங்கிலாந்துல ஏற்கனவே டிகிரி வச்சிருக்கவங்களுக்கு அதே லெவல்ல இன்னொரு டிகிரிக்கு அரசு ஸ்டூடன்ட் லோன் பொதுவா கிடைக்காது. மத்த இடங்கள்லயும் உதவித்தொகைய முதல் டிகிரிக்குன்னே வச்சிருக்கறது உண்டு. அப்புறம் அந்த ஸ்காலர்ஷிப், மார்க் கொறைஞ்சா நின்னுடுமா, மூணு வருஷமும் வருமா? இத எழுத்துல வாங்கிடுங்க, வாய்ல சொல்றத நம்பாதீங்க.

கேள்வி: பையனுக்கு அனிமேஷன்தான் உயிர். சீப்பா ஏதாவது ஒரு டிகிரிய முடிச்சுட்டு அப்புறம் அதுக்கு போகட்டும்னா கோவிச்சுக்கறான்.

பதில்: அவன் கோவத்துலயும் நியாயம் இருக்குங்க. அந்த லைன்ல முதல்ல பாக்கறது அவன் செஞ்ச வேலைய, அதாவது ஷோரீல் (செஞ்சதுல நல்லதா எடுத்துக் கோத்த சின்ன வீடியோ), போர்ட்ஃபோலியோ (செஞ்ச வேலைகளோட தொகுப்பு). டிகிரி அப்புறம்தான். ஆனா வெளிநாட்டு வேலை மனசுல இருந்தா யோசிக்கணும், அமெரிக்காவோட எச்1பி வேலை விசாவுக்கு பேச்சலர்ஸ் டிகிரி இல்லன்னா அதுக்கு சமமான தகுதி வேணும், அதுவும் வேலைக்கு சம்பந்தப்பட்ட துறையில. ஆக ஏதோ ஒரு டிகிரின்னு சேத்துவிட்டா உங்களுக்கும் பிரயோஜனம் இல்ல, அவனுக்கும் இல்ல. கம்மி பீஸ்ல பைன் ஆர்ட்ஸோ விஷுவல் கம்யூனிகேஷனோ இருக்கான்னு பாருங்க, சாயங்காலம் அவன் சாஃப்ட்வேர்ல உக்காரட்டும்.