கிரீட் தீவுக்குப் போகும் முன்: கேள்வி பதில்

கிரேக்கத்தின் கிரீட் தீவைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கே: ஜூனில் கிரேக்கம் போகிறோம். கிரீட்டுக்கு மூன்று நாள் வைத்திருக்கிறோம். போதுமா அக்கா?

முழுத் தீவுக்குப் போதாது. கிழக்கு மேற்காக அது சுமார் 260 கிலோமீட்டர் நீளம். நடுவே மலைகள், சிலோரிட்டிஸ் சிகரம் மட்டும் 2,456 மீட்டர். வரைபடத்தில் பக்கத்தில் தெரியும் ஊருக்கும் மலைப்பாதையில் வளைந்து வளைந்துதான் போக வேண்டும். மூன்று நாளுக்கு ஒரு பக்கம் போதும். கடற்கரையும் நடையும் வேண்டுமென்றால் மேற்கே ஹன்யாவில் தங்குங்கள். தொல்லியல்தான் முக்கியம் என்றால் ஹெராக்லியன். ஒரு வாரம் கிடைத்தால் இரண்டையும் பார்க்கலாம்.

கே: க்னோசோஸ் அரண்மனையில் நிறைய கான்கிரீட்தான் என்கிறார்கள். போவது வீணா?

வீண் இல்லை, ஆனால் எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து போக வேண்டும். 1878இல் அரண்மனை புதைந்திருந்த மேட்டை முதலில் தோண்டியவர் உள்ளூர்க்காரரான மினோஸ் கலோகேரினோஸ். பெரிய சேமிப்புத் தாழிகள் அப்போதே வெளிவந்தன. 1900இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் பெரிய அளவில் அகழாய்வைத் தொடங்கினார். மேல்தளங்கள், சிவப்புத் தூண்கள் என்று பலவற்றைக் கான்கிரீட்டில் திரும்பக் கட்டியதும் அவர்தான். மூலத்தூண்கள் மரம் என்பதால் மிஞ்சவில்லை. சுவரில் இன்று தெரியும் ஓவியங்கள் நகல்கள்.

அசல் ஓவியங்கள் ஹெராக்லியன் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. காளையின் மேல் ஒருவர் குட்டிக்கரணம் அடிக்கும் ஓவியமும் அங்கேதான். சின்னத் துண்டுகளாகக் கிடைத்ததில் எது பழையது, எது பிற்பாடு வரைந்து நிரப்பியது என்பது அங்கே பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். அதனால் முதலில் அருங்காட்சியகம், மறுநாள் காலை வாசல் திறக்கும் நேரத்தில் அரண்மனை. இந்த வரிசையைத்தான் எல்லாரிடமும் வற்புறுத்துவேன். அருங்காட்சியகத்தை விட்டுவிட்டு க்னோசோஸ் மட்டும் போகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்காது.

திரும்பக் கட்டாத அரண்மனை வேண்டுமா? தெற்கே ஃபைஸ்டோஸ் போங்கள். மேட்டின் மேல் அகலமான படிகள், கீழே மெசாரா சமவெளி, எதிரே சிலோரிட்டிஸ். 1908இல் கிடைத்த ஃபைஸ்டோஸ் வட்டு இந்த இடத்தினுடையது. அதுவும் இப்போது ஹெராக்லியனில்தான் இருக்கிறது. களிமண்ணில் முத்திரை குத்திச் சுழல் வடிவில் எழுதியது, இன்னும் யாரும் படித்து முடிக்கவில்லை. இந்த அரண்மனைகளைக் கட்டிய வெண்கலக் கால மக்களான மினோவர்களின் ‘லீனியர் ஏ’ எழுத்தும் அப்படியே. பின்னால் வந்த ‘லீனியர் பி’யை மட்டும் 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்துக் காட்டினார், அதன் மொழி பழைய கிரேக்கம் என்று தெரிந்தது. 2025இல் க்னோசோஸ், ஃபைஸ்டோஸ் உட்பட ஆறு மினோவ அரண்மனை மையங்கள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

கே: எனக்கு 58 வயது. சமரியா மலையிடுக்கில் நடக்க முடியுமா?

தினமும் நடக்கிறவர் என்றால் முடியும். முட்டிவலி இருந்தால் வேண்டாம். சுமார் 16 கிலோமீட்டர், ஏறக்குறைய முழுவதும் இறக்கம். 1,200 மீட்டருக்கு மேலே தொடங்கிக் கடல்மட்டத்தில் முடியும். முதல் சில கிலோமீட்டர் கல்படிகள்தான் முட்டியைச் சோதிக்கும். ஐந்து முதல் ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சமரியா என்ற கைவிடப்பட்ட ஊர் வரும்; 1962இல் தேசியப் பூங்கா ஆக்கியபோது மக்களை வெளியேற்றினார்கள். கிரிகிரி என்னும் காட்டாடு தென்பட்டால் சத்தம் போடாமல் நில்லுங்கள்.

பாதை முடியும் அயியா ருமேலிக்குச் சாலை கிடையாது. படகில் சூயா அல்லது ஹோரா ஸ்ஃபாகியோன் போய்ப் பேருந்து பிடிக்க வேண்டும். கடைசிப் படகின் நேரத்தை முதல் நாளே கேட்டு வையுங்கள். மலையிடுக்கு வழக்கமாக மே முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். மழையோ கடும் வெயிலோ என்றால் அன்றைக்கு மூடிவிடுவார்கள்.

கே: எலஃபோனிசி கடற்கரை மணல் உண்மையிலேயே இளஞ்சிவப்பா?

ஆமாம், ஆனால் படங்களில் வருகிற அளவு இல்லை. நுண்ணுயிரிகளின் ஓடுகள் பொடியாகி அலை ஓரத்தில் கோடுகோடாக அந்த நிறம் தரும். கைப்பிடி மணல்கூட எடுக்காதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட இடம். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் தாங்காது, வடகாற்றும் வீசும். செப்டம்பரில் கடல் இன்னும் இதமாக இருக்கும். ரெத்திம்னோ கடற்கரையில் பெருந்தலை ஆமைகள் கோடையில் முட்டையிடும். கம்பிக்கூண்டு வைத்திருக்கும் இடத்தில் குடை நடாதீர்கள், இரவில் டார்ச் அடிக்காதீர்கள்.

கே: நாங்கள் சுத்த சைவம். சாப்பாடு கிடைக்குமா?

தாராளமாக. ஹோர்தா என்று வேகவைத்த கீரை, ஃபாவா என்ற பருப்பு மசியல், பார்லி ரொட்டியில் தக்காளியும் சீஸும் வைத்த டாகோஸ். ‘நிஸ்திசிமா’ என்று கேட்டால் விரத உணவைச் சொல்வார்கள். இறைச்சியும் பாலும் இருக்காது. ஆனால் அவர்கள் விரதத்தில் இறாலும் கணவாயும் உண்டு, அதனால் கடல் உணவும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள்.

கே: கார் எடுப்பதா, பேருந்தா?

வடகரை நகரங்களுக்குப் பேருந்தே போதும். தெற்கே போவதானால் கார். வண்டி வலப்பக்கம் ஓடும். இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் எடுத்துப் போங்கள். பாலோஸ் கடற்கரைக்குப் போகும் மண்பாதைக்குப் பல வாடகை நிறுவனங்களின் காப்பீடு செல்லாது. கிஸாமோஸிலிருந்து படகில் போவது நல்லது.