சுவரோவியத்துக்குக் காவலாக வயர்லெஸ் சென்சார்: கேள்வி பதில்

கேள்வி: குகைக்குள் ஈரம் கொஞ்சம் கூடினால் ஓவியத்துக்கு என்ன ஆகிவிடும்?

பதில்: மழைக்காலத்தில் ஜாடியிலிருக்கும் கல்லுப்பு நீர்விடுவதைப் பார்த்திருப்பீர்கள். சீனாவில் துன்ஹுவாங் அருகே உள்ள மொகாவ் குகைச் சுவர்களுக்குள் நடப்பதும் அதுதான். அங்கே 492 குகைகளில் ஓவியமும் சிற்பமும் உண்டு. பாறைமேல் வைக்கோல் கலந்த மண்ணைப் பூசி, அதன்மேல் தீட்டியிருக்கிறார்கள். பாறையிலும் பூச்சிலும் உப்பு ஊறிக் கிடக்கிறது. காற்றில் ஈரம் ஏறினால் அது நீர்விடும். காய்ந்தால் திரும்பவும் படிகமாகும். அப்படி உறையும்போது வண்ணத்தை உள்ளிருந்து நெம்பும். பல தடவை இப்படி நடந்ததும் வண்ணம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும். போனது போனதுதான், திரும்ப ஒட்ட வைக்க முடியாது.

கேள்வி: பாலைவனத்தில் ஈரம் எங்கிருந்து வருகிறது?

பதில்: மழை நாளில் வெளிக்காற்றிலிருந்து. மற்ற நாட்களில் நம் மூச்சிலிருந்தும் வியர்வையிலிருந்தும். அதனால்தான் அங்கே ஈரப்பதத்தோடு கரியமில வாயுவையும் அளக்கிறார்கள். ஈரப்பதம் 62 சதவீதத்தைத் தொட்டால் அந்தக் குகையைச் சாத்திவிட்டு, கூட்டத்தை வேறு குகைக்கு அனுப்புகிறார்கள்.

கேள்வி: இப்படி அளக்கும் சென்சார்களுக்கு வயர் இழுத்தால் வேலை சுலபம்தானே, வயர்லெஸ் எதற்கு?

பதில்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாதே! இத்தாலியின் திரெந்தோ நகரில் தோர்ரே ஆக்விலா என்று 31 மீட்டர் உயரக் கோபுரம் இருக்கிறது. உள்ளே வருடத்தின் ஒவ்வொரு மாதத்தையும் காட்டும் ஓவியங்கள், 1400 வாக்கில் தீட்டியவை. ஜனவரியில் சீமான்களும் சீமாட்டிகளும் பனியை உருட்டி ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடுகிறார்கள். மார்ச் அழிந்துபோய், 11 மாதங்களே மிச்சம். பக்கத்தில் சாலைச் சுரங்கம் தோண்டும் திட்டம் வந்ததால், 2008இல் வயர்லெஸ் சென்சார்களை வைத்து அதிர்வையும் வெப்பத்தையும் சுவரின் நெளிவையும் கண்காணிக்கத் தொடங்கினார்கள். அந்த ஜனவரிக்குக் குறுக்கே ஒயர் ஓடினால் எப்படி இருக்கும்?

கேள்வி: பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?

பதில்: எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஈரமும் வெப்பமும் மெதுவாக மாறுபவை. சென்சார் சில நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, அளந்து, அனுப்பிவிட்டுத் தூங்கலாம். அதிர்வை நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அளக்க வேண்டும். அத்தனையையும் அனுப்பினால் சென்சாருக்குள் இருக்கும் ரேடியோ பேட்டரியைக் குடித்துவிடும். அதனால் சென்சாரிலேயே சுருக்கி அனுப்புவார்கள்.

கேள்வி: வரும் எண்ணை அப்படியே நம்பலாமா?

பதில்: கூடாது. நான் வேலை பார்த்த ஒரு பழைய கட்டடத்தில் தினமும் காலை ஒன்பது மணிக்கு ஈரப்பதம் எகிறியது. கூரை ஒழுகுகிறதோ என்று பதறிப் போனோம். ஒருநாள் அந்த நேரத்துக்குப் போய் நின்றேன். ஈர மாப்பால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், சென்சாருக்கு நேர் கீழே. அன்றிலிருந்து உலர்ந்த துடைப்பம்தான்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. எத்தனை சென்சார் வாங்க வேண்டும் சார்?

பதில்: முதலில் இரண்டு போதும், ஒன்று மண்டபத்துக்குள், ஒன்று வெளியே. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்கு வேண்டியது. ஒரு வருடம் முழுக்க ஓடட்டும், மழையும் கோடையும் திருவிழாவும் அதில் வந்துவிடும். எண் எல்லை தாண்டினால் கூட்டத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று நிர்வாகத்திடம் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். அப்புறம் ஒரு நோட்டில் தீபாராதனை நேரத்தையும் கழுவிவிடும் நேரத்தையும் தினமும் குறித்து வாருங்கள்.