புலம்பெயர்ந்த முஸ்லிம் குடும்பங்களில் ஆண், பெண் குறித்த எண்ணம் தலைமுறைதோறும் மாறுகிறதா?

மாறுகிறது, ஆனால் எல்லாவற்றிலும் ஒரே வேகத்தில் அல்ல. 1961ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி துருக்கியிலிருந்து ஜெர்மனிக்கு வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள், பெண்களின் படிப்பு, வேலை ஆகியவற்றில் பொதுவாகப் பெற்றோரைவிடச் சமத்துவமாகவே எண்ணுகிறார்கள். அதிலும் மகள்கள் மகன்களை முந்தி நிற்கிறார்கள். மாற்றத்தின் பலன் முதலில் அவர்களுக்கே என்பதால் இதில் வியப்பில்லை.

காயல்பட்டினத்திலிருந்து சென்னை மண்ணடிக்குக் குடிவந்த குடும்பங்களிலும் இதைக் காணலாம். பேத்தியைக் கல்லூரிக்கு அனுப்ப உம்மம்மாவே முன்னிற்பார். விருந்தாளிகள் உண்டெழுந்த பின் தட்டெடுக்க மட்டும் அவளைத்தான் அழைப்பார்கள், அவள் அண்ணனை அல்ல.

ஆனால் இடம்பெயர்வு பெண்ணுக்கு எப்போதும் முன்னேற்றமே என்று நான் சொல்லமாட்டேன். காயல்பட்டினத்தில் வீடு மகளுக்கு உரியது, மாப்பிள்ளைதான் அங்கே வந்து தங்குவார். சென்னையின் வாடகை வீட்டில் கணவனோடு தனியாக வாழ வரும் பெண், தாயின் துணையையும் தன் வீடு என்ற பலத்தையும் சேர்த்தே இழக்கிறாள்.