மத்தியானம் இரண்டு மணிக்குள் றம்பொடையைத் தாண்டிவிடுங்கள்

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். கோயம்புத்தூரிலிருந்து கண்டிக்கு வந்து ஏழு வாரம். ஒன்பது வயதில் மகள், நாலு வயதில் மகன், கூடவே மாமியார். டொராண்டோவில் இருக்கும் உங்கள் அண்ணன் சிவந்த இலைகளுக்கு நடுவே நின்று படமாக எடுத்து அனுப்ப, பிள்ளைகள் "நாமளும் மலையிலதானே இருக்கோம், எங்கயாவது கூட்டிட்டுப் போங்க" என்று நச்சரிக்கிறார்கள். அக்டோபர், நவம்பரில் காலையில் போய் இரவுக்குள் திரும்ப எங்கே போகலாம், கார் வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டலாமா, என்னென்ன எடுத்துப் போவது. இவ்வளவும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் இலை விஷயம். இங்கே எதுவும் சிவக்காது, தேயிலை வருஷம் பூரா பச்சைதான். நம் கணக்கில் இது ஐப்பசி, கார்த்திகை. அடைமழை என்று நமக்குத் தெரியும். ஆனால் ஊரில் பெய்கிற மாதிரி இங்கே பெய்யாது, அதில்தான் புதிதாக வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து, வடகிழக்கு இன்னும் ஊன்றாத இடைக்காலம் இது. காற்று சோம்பிக் கிடக்கும். காலையில் கண்ணாடி மாதிரி வெயில் அடிக்கும், தரை சூடாகும், கடல் பக்கத்து ஈரக்காற்று மெல்ல மலையேறும். பதினொரு மணிக்கு மலை முகட்டில் வெள்ளையாக ஒரு பொதி நிற்கும். இரண்டு, மூன்று மணிக்கு இடியோடு கொட்டும். அநேகமாகத் தினமும் இதே கூத்து. அதனால் காலை ஏழு மணி வெயிலைப் பார்த்து "இன்றைக்கு மழை இல்லை" என்று முடிவெடுக்காதீர்கள்.

நாங்கள் எடுத்தோம். 2010இல் திண்டுக்கல்லிலிருந்து வந்த புதிது. தெரிந்தவர் ஒருவரின் பழைய காரை வாங்கிக்கொண்டு, சாவகாசமாகக் குளித்து, இட்லி சாப்பிட்டு, ஒன்பதரைக்கு நுவரெலியாவுக்குக் கிளம்பினோம். கண்டியிலிருந்து 77 கிலோமீட்டர்தானே, ஒன்றரை மணி நேரம் என்று என் வீட்டுக்காரர் கணக்கு. போய்ச்சேர ஒரு மணி ஆகிவிட்டது. ஏரியில் படகு, ஸ்ட்ராபெரி, அது இது என்று சுற்றிவிட்டு மூன்றரைக்குத் திரும்பினோம். லபுக்கலை தாண்டும்போது மூடுபனி இறங்கியது, அதோடு மழை. வைப்பர் அடிக்க அடிக்கக் கண்ணாடி உள்பக்கம் வேறு புகைந்துகொண்டே வந்தது, நான் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தேன். எதிரே வரும் பஸ் பத்தடிக்கு முன்னால்தான் தெரிகிறது. அந்த மலைப்பாதையின் றம்பொடை வளைவுகளில் ஏதோ கருகும் வாடை. இவர் பிரேக்கை மிதிக்கிறார், பஞ்சு மூட்டையை மிதிப்பதுபோல் கால் உள்ளே போகிறது. கைப்பிரேக்கையும் இழுத்து எப்படியோ ஒரு தேத்தண்ணிக் கடை ஓரம் நிறுத்தினார்.

கடைக்காரப் பெரியவர் குடையோடு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை, இரண்டு கல்லை எடுத்து முன் சக்கரங்களுக்கு அடியில் வைத்தார். அப்புறம்தான் கேட்டார்: "எந்த கியர்ல எறங்குனீங்க தம்பி?" இவர் "நாலு" என்றார். "ஏறுன கியர்லதான் எறங்கணும். ஒரு மணி நேரம் அசையாதீங்க. வீல் தானா ஆறணும், தண்ணி கிண்ணி ஊத்திடாதீங்க." இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயும், கையில் ஆளுக்கொரு துண்டு கித்துள் கருப்பட்டியும் கொடுத்தார்.

நம் தமிழ் கேட்ட சந்தோஷத்தில் நான் "ஐயா, நீங்களும் இந்தியாவா?" என்றேன். அவர் சிரித்தார். "எங்க தாத்தா துறையூர்ப் பக்கம். நான் இங்க. நீங்கதான் இந்தியா." அன்றைக்கு எனக்கு அது வெறும் வேடிக்கை. 1948இல் ஒரு சட்டம் போட்டு இந்த மலையகத் தமிழ் மக்களின் குடியுரிமையைப் பறித்ததும், 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு லட்சக்கணக்கானவர்களை அங்கே இங்கே என்று பங்கு பிரித்ததும் பிறகு தெரிந்தபோது, நாக்கைக் கடித்துக்கொண்டேன். வழியில் புசல்லாவை, றம்பொடைப் பக்கம் நம் தமிழ் தாராளமாகக் கேட்கும். ஊர் பேர் விசாரியுங்கள், அந்தக் கேள்வியை மட்டும் அப்படிக் கேட்காதீர்கள். கொழுந்து எடுக்கிற பெண்களைக் கேட்காமல் படம் எடுப்பதும் வேண்டாம். அவர்களுக்கு நாள் சம்பளம் எடுக்கிற கிலோவோடு கட்டுண்டது, நின்று சிரிக்க நேரமில்லை.

சரி, இடங்கள். தூரத்தைக் கிலோமீட்டரில் பார்க்காதீர்கள், மணியில் பாருங்கள்.

முதல் வாரம் பேராதனைப் பூங்காவே போதும். கண்டி நகரிலிருந்து ஆறு கிலோமீட்டர். 1821இல் தொடங்கியது, 147 ஏக்கர், பெரும்பாலும் சமதரை, அதனால் மாமியாருக்குக் கால் வலிக்காது. பெரிய புல்வெளியில் குடை விரித்த மாதிரி ஒரு ஜாவா அத்தி நிற்கிறது, அதைச் சுற்றி ஓடவிட்டால் உங்கள் மகன் மத்தியானம் தானாகத் தூங்குவான். சாப்பாட்டுப் பையைக் குரங்குக் கண்ணில் காட்டாதீர்கள். நேரமிருந்தால் ஹந்தானையில் பழைய தேயிலைத் தொழிற்சாலையை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் போட்ட முதல் தேயிலைத் தோட்டத்தின் கதை எல்லாம் அங்கே இருக்கிறது. பெரியவளுக்குப் பிடிக்கும், சின்னவன் அங்கே இருக்கிற இயந்திரங்களைப் பார்ப்பான்.

இரண்டாவதாக மாத்தளை. ஒரு மணி நேரச் சொச்சம், வளைவு குறைவு. முத்துமாரியம்மன் கோயிலில் மாமியாருக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். அங்கிருந்து கொஞ்சம் வடக்கே அலுவிகாரை, பௌத்தர்களின் திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்ட குகை விகாரை. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கவே கூடாது, பிள்ளைகளுக்கு வண்டியிலேயே சொல்லிவையுங்கள். வழி நெடுக வாசனைத் தோட்டம் என்று பலகை தொங்கும். சுற்றிக் காட்டுவது இலவசம், முடிவில் தைலம் விற்பார்கள், விலை மலையேறி நிற்கும். ஹயர் வேன் டிரைவர்கள் அங்கே நிறுத்துவதற்குக் காரணம் உண்டு, ஏறும்போதே "அங்கெல்லாம் வேண்டாம் அண்ணே" என்று சொல்லிவிட்டால் மனத்தாங்கல் இல்லை.

நுவரெலியா மூன்றாவது. இதை எங்களைப்போல் செய்யாதீர்கள். காலை ஐந்துக்கு வண்டி நகர வேண்டும். கம்பளை, புசல்லாவை வழியாக ஏழு மணிவாக்கில் றம்பொடை. இந்த மாதங்களில் அருவி நிரம்பி விழும், மழைக்காலத்தின் லாபம் இது ஒன்றுதான். குன்றின் மேல் சின்மயா மிஷன் கட்டிய அனுமார் கோயில் இருக்கிறது. பிறகு நேராக நுவரெலியாவைத் தாண்டி சீத்தாஎலிய சீதையம்மன் கோயில், அதற்குப் பக்கத்தில் ஹக்கலப் பூங்கா. 1861இல் கொயினா மரம் வளர்த்துப் பார்க்கத் தொடங்கிய இடம், இப்போது ரோஜாவும் பெரணியுமாகக் கிடக்கிறது. வெயில் இருக்கிற காலை நேரம் முழுவதையும் இங்கே செலவழியுங்கள். டவுனை மிச்ச நேரத்தில் பார்த்தால் போதும், ஏரி எங்கேயும் போகாது. சாப்பிட்டு, பன்னிரண்டரைக்கு இறங்கத் தொடங்கினால் இரண்டுக்குள் றம்பொடையைத் தாண்டிவிடலாம். அதன் பிறகு கொட்டினால் கொட்டட்டும்.

எல்ல என்ற ஊரும் அங்கத்து ஒன்பது வளைவுப் பாலமும் ஒரு நாளில் வேண்டவே வேண்டாம், போகவே நாலரை மணி நேரம். ஹோர்ட்டன் சமவெளியில் 'உலக முடிவு' என்கிற மலைவிளிம்பைப் பார்க்க ஒன்பது மணிக்கு முன்னால் நடந்து சேர வேண்டும், பிந்தினால் வெள்ளைத் திரைதான் தெரியும். நாலு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அது முடியாது. சிவனொளிபாத மலைக்கு இது பருவமில்லை, டிசம்பர் மாதப் போயாவில், அதாவது பௌர்ணமியில்தான் தொடங்கும். நக்கிள்ஸ் மலைப் பக்கம் இப்போது அட்டைகளின் ராஜ்யம், மாசி பங்குனி வரட்டும். போயா நாட்களில் விகாரை உள்ள ஊர்களில் கூட்டம் நெரியும், நாள்காட்டியில் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்.

நாமே ஓட்டலாமா என்றால், முதல் இரண்டு பயணத்துக்கு டிரைவரோடு வேன் பிடியுங்கள் என்பேன். இந்திய லைசென்ஸை மட்டும் காட்டி இங்கே ஓட்ட முடியாது, முறையாக அனுமதி வாங்க வேண்டும். வாங்கியபின் ஓட்டினால், இடப்பக்கம் ஓட்டுவதெல்லாம் நம்மூர் மாதிரிதான். ஒன்றே ஒன்று, பாதசாரிக் கடவையில் ஆள் காலை வைத்தால் இங்கே வண்டி நிற்கும். முன்னால் போகிறவர் சட்டென்று நிறுத்துவார், பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். ஒடுங்கிய இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழி விட வேண்டும். வாடகைக்குக் கிடைப்பதில் ஜப்பான் ஹைபிரிட் கார்கள் நிறைய, அதில் கியர் பக்கம் 'பி' என்று ஒன்று இருக்கும். பலர் அதை ரிவர்ஸுக்குத் தம்பி என்று நினைத்துத் தொடுவதே இல்லை. இறக்கத்தில் அதைப் போட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் அவ்வளவாகச் சூடாகாது. எங்களுக்கு அன்றைக்கு நாலாம் கியர் செய்த வேலை உங்களுக்கு நேராது. வண்டியை எடுக்கும்போது டயர் தேய்மானம், வைப்பர் ரப்பர், கண்ணாடிப் புகையை எடுக்கும் காற்று, ஸ்பெயார் வீல் நாலையும் நின்று பாருங்கள், பெயிண்ட் கீறலை அப்புறம் பார்க்கலாம். மேப் காட்டுகிற குறுக்குவழி எதிலும் போகாதீர்கள். அது தோட்டத்துக் கல்பாதையில் கொண்டுபோய், தொழிலாளர் குடியிருக்கிற லயத்து வாசலில் விடும்.

எடுத்துப் போக வேண்டியவற்றில் முதலாவது குளிர் சட்டை. கண்டி 500 மீட்டர், நுவரெலியா 1,868. ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிக்கு மேல் குறையும் என்று வைத்துக்கொண்டால், கண்டியில் விசிறி போட்டுக்கொண்டு கிளம்பினவர்கள் அங்கே பல் கிட்டி நிற்பார்கள். மாமியாருக்குக் காலுறை இரண்டு ஜோடி, ஒன்று நனைந்துவிடும். பிள்ளைகளுக்கு முழு மாற்றுடை, ஒரு துவாலை, ஃபிளாஸ்கில் வெந்நீர்.

கோயம்புத்தூர்ப் பழக்கத்தில் தயிர்சாதம் கட்டிவிடாதீர்கள். அந்தக் குளிரில் அதைக் கையால் தொடவே முடியாது, நான் கட்டிக்கொண்டு போய் அப்படியே திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன். புளிசாதம் சரி. அதைவிட இங்கத்து முறையே நல்லது: தேங்காய் ரொட்டியை வாழையிலையில் சுற்றி, கட்டச் சம்பல் என்கிற மிளகாய்த் துவையல் தனியாக. ஆறினாலும் ருசி போகாது. வளைவில் வாந்தி வருகிற பிள்ளைக்கு வெறும் வயிறு ஆகாது, இஞ்சி பிஸ்கட் இரண்டு கொடுத்து முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். கதவுப் பையில் சிலிசிலிப் பை, நம்மூர் பாலிதீன் பைதான், நாலைந்து. பாஸ்போர்ட்டும் விசாப் பக்கமும் கையில் இருக்கட்டும், சில டிக்கெட் கவுண்டர்களில் இங்கே குடியிருப்பவர் என்று காட்டினால் வெளிநாட்டார் கட்டணம் குறையும். கேட்டால்தான் குறைப்பார்கள்.

கடைசியாக, போகக் கூடாத நாள். நவம்பரில் வங்கக்கடலில் தாழமுக்கம் (நம்மூரில் காற்றழுத்தத் தாழ்வு) என்று செய்தி வந்தால் நான் மேலே சொன்ன காலை வெயில் கணக்கெல்லாம் செல்லாது. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போனதும், 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் பட்டபாடும் இதே மாதங்களில்தான். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசம் பிரதேசமாக மண்சரிவு எச்சரிக்கை விடும்: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. மஞ்சள் என்றாலே நாங்கள் வீட்டில் பஜ்ஜி போட்டுக்கொள்வோம். பாதையோரச் சரிவிலிருந்து சேற்றுத் தண்ணீர் திடீரென்று ஊறி வந்தாலோ, சின்னக் கற்கள் உருண்டாலோ அங்கே நிறுத்தி வேடிக்கை பார்க்காதீர்கள். 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம் (பேரிடர் மேலாண்மை), 119 பொலிஸ், 1990 ஆம்புலன்ஸ். இந்த 1990 இந்திய அரசின் உதவியில் தொடங்கியது, காசு கேட்க மாட்டார்கள். ஒரு சிங்கள வாக்கியமும் பிள்ளைகளோடு சேர்ந்து மனப்பாடம் செய்யுங்கள்: "பார வஹலாத?" பாதை மூடியிருக்கிறதா என்று அர்த்தம்.

என் மகன்களுடைய சின்ன வயது ஜாக்கெட்டுகள் அலமாரியில் நாலு கிடக்கின்றன, ஒன்று கம்பளிக் குல்லாயோடு. உங்கள் பையன் உயரத்தை எழுதுங்கள், சனிக்கிழமை சந்தைக்கு வரும்போது கொண்டுவருகிறேன். றம்பொடைக் கடையில் பெரியவர் இப்போது இல்லை, மருமகள் நடத்துகிறார். நிறுத்தினால் இஞ்சி போட்டுத் தரச் சொல்லுங்கள்.